வேலியே பயிரை மேய்ந்தால் விசாரிப்பது யார்? வேலியேவா?

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! மலைவாழ் சொந்தங்களே! எஸ்டேட் தொழிலாளத் தோழர்களே! தாய்மார்களே!

நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை, செம்மநத்தம், மாரமங்கலம் என்று சேர்வராயன் மலையில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே பேச்சுத்தான். மனு கொடுத்தீங்களே, என்ன ஆச்சு? விசாரணை நடக்குதுங்க. யார் விசாரிக்கிறாங்க? அவங்க ஆபீஸ்லயே ஒருத்தர் விசாரிக்கிறாருங்க. அப்புறம்? அப்புறம் ஒண்ணுமில்லீங்க.

இந்த "ஒண்ணுமில்லீங்க" என்ற ஒரு வார்த்தைக்கு எதிராகத்தான் நம் சங்கம் இந்தச் சிறு பிரசுரத்தைக் கொண்டுவந்திருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

நம் உறுப்பினர் ஒருவர் ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனார். கையெழுத்துக்குப் பணம் கேட்டார்கள். நாங்கள் சங்கத்தின் லெட்டர் பேடில் புகார் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினோம். மேலிடம் "தக்க நடவடிக்கைக்காக" என்று ஒரு வரி எழுதிக் கீழே தள்ளியது. அது ஒவ்வொரு மேஜையாக இறங்கி இறங்கி, கடைசியில் பணம் கேட்டவர் மேஜைக்கே வந்து சேர்ந்தது. அவரே அறிக்கை எழுதினார்: புகாரில் உண்மை இல்லை. அதுவே ஏணிப்படி ஏறி மேலே போய், "மனு முடிக்கப்பட்டது" என்று நமக்குத் தபாலில் வந்தது. இதற்குப் பெயர் விசாரணையாம்!

நம் ஊர்ப் பஞ்சாயத்தில்கூட, பங்காளி மேல் பிராது வந்தால் பங்காளி நடுவராக உட்கார மாட்டான். ஊர்க்கவுண்டர் மகன் மேல் பிராது வந்தால் ஊர்க்கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து அந்தப்பக்கம் போய்விடுவார். எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டன்மார் கடைப்பிடித்த இந்தச் சின்ன நியாயம், ஐ.ஏ.எஸ். படித்தவர்கள் நடத்துகிற கோட்டைக்குத் தெரியாதா?

பணம் கேட்ட கதை சின்னக் கதை. பெரிய கதை ஒன்று நம் பக்கத்து மலையிலேயே இருக்கிறது. அதை நம் பிள்ளைகள் மறந்துவிடக் கூடாது.

வாச்சாத்தி: மஞ்சவாடி கணவாய்க்கு அந்தப்பக்கம்

நம் மலையிலிருந்து இறங்கி மஞ்சவாடி கணவாயைத் தாண்டினால் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர். அங்கே சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. அங்கே இருப்பவர்களும் நம்மைப் போல மலையாளிப் பழங்குடிகள்தான். நமக்குச் சொந்த பந்தம். அதே தினை, அதே சாமை, அதே சாமி.

1992 ஜூன் 20. வனத்துறையினர் 155 பேர், போலீசார் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர், ஆக 269 அரசு ஊழியர்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்பது சாக்கு. ஊரையே ஒரு மரத்தடியில் கூட்டினார்கள். அடித்தார்கள். 18 பெண்களைப் பிரித்து ஏரிப் பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அதில் பள்ளிக்கூடம் போகிற வயசுப் பிள்ளையும் உண்டு. வீடுகளை இடித்தார்கள். தானியத்தில் கண்ணாடித் தூளைக் கலந்தார்கள். ஆடு மாடுகளைக் கொன்றார்கள். குடிக்கிற கிணற்றைப் பாழாக்கினார்கள். விவசாயிக்குத் தெரியும், தானியமும் கால்நடையும் கிணறும் போனால் அந்தக் குடும்பத்தில் என்ன மிச்சம் என்று. 90 பெண்களையும் 28 குழந்தைகளையும் 15 ஆண்களையும் கைது செய்தார்கள். அந்தப் பெண்களும் குழந்தைகளும் கிடந்த ஜெயில் எது? நம் சேலம் ஜெயில்தான்.

செய்தவர்கள் கொள்ளைக்காரர்கள் அல்ல. காக்கிச் சட்டை போட்டு, மாதாமாதம் நம் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கியவர்கள். அவர்கள் செய்ததை விசாரிக்க வேண்டியவர்களும் அதே கோட்டையில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவர்கள். இங்கேதான் நம் விஷயம் தொடங்குகிறது.

விசாரணை என்ற பெயரில் 19 வருஷம்

அன்றைய அ.தி.மு.க. அரசு என்ன செய்தது? அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று மறுத்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் ஜெயிலில்; செய்தவர்கள் ஆபீசில். மாவட்ட நிர்வாகத்திலிருந்து உண்மை ஒரு சொட்டுக்கூட வெளியே கசியவில்லை. மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் அ.நல்லசிவன் உச்சநீதிமன்றம் வரை போனார். மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரர்கள் ஊர் ஊராக நடந்து ஜனங்களைத் திரட்டினார்கள். உயர்நீதிமன்றத்தில் முதலில் என்ன ஆச்சு தெரியுமா? பொறுப்புள்ள அரசு அதிகாரிகள் இப்படியெல்லாம் செய்திருப்பார்கள் என்பது நம்பக்கூடியதாக இல்லை என்று வழக்கே தள்ளப்பட்டது!

பார்த்தீர்களா, சட்டை எவ்வளவு பெரிய கவசம் என்று? கோவணம் கட்டியவன் சொன்னால் பொய். காக்கி போட்டவன் சொன்னால் மெய்.

அந்த நேரத்தில் உண்மையை எழுதியவரும் ஓர் அரசு அதிகாரிதான். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் அதிகாரியான பாமதி அம்மையார் ஊருக்கே நேரில் வந்தார். பெண்களிடம் உட்கார்ந்து கேட்டார். நடந்ததை நடந்தபடி எழுதினார். அவரால் எப்படி முடிந்தது? நல்ல மனசு இருந்தது, அது ஒன்று. இன்னொன்று முக்கியம்: அவர் அந்தத் துறைக்காரர் இல்லை. அவருடைய பதவி உயர்வு அந்தக் கலெக்டர் கையிலும் இல்லை, அந்த அமைச்சர் கையிலும் இல்லை. வெளியாள் வந்தார், உண்மை வந்தது. உள்ளாள் விசாரித்தவரை பூசணிக்காய் முழுசாகச் சோற்றுக்குள் மறைந்துதான் கிடந்தது.

1995ல் உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. மாநிலத்தின் கையை விட்டு விசாரணை போவதற்கே இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆனது. போன பிறகு என்ன நடந்தது? 1996ல் குற்றப்பத்திரிகை. 269 பேர் மேலும். அதற்கு முன்னால் யார் மேலும் குற்றமே இல்லை என்று சொன்ன அதே சம்பவத்தில், வெளியாள் கை வைத்ததும் 269 பேர் குற்றவாளிப் பட்டியலில்! இந்த ஒரு கணக்கு போதாதா, ஒரு துறை தன்னைத் தானே விசாரித்துக்கொள்வதன் லட்சணத்தைச் சொல்ல?

2011 செப்டம்பர் 29. தருமபுரி மாவட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். வனத்துறையில் 126, போலீசில் 84, வருவாய்த் துறையில் 5. ஒருவர்கூட விடுதலை ஆகவில்லை. அதில் 17 பேர் பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். 12 பேருக்கு 10 வருஷம், 5 பேருக்கு 7 வருஷம். இந்திய வனப்பணி அதிகாரிகள் 4 பேரும் அந்த 215ல் உண்டு. வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே பதவி உயர்வு வாங்கியவர்கள் அதில் இருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

அவர்கள் மேல்முறையீடு போனார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று, சரியாக 12 வருஷம் கழித்து, உயர்நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன் எல்லா மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தார். அதற்கு முன் அவரே வாச்சாத்திக்குப் போய் ஊரைப் பார்த்தார். 31 வருஷம்! அன்று கைக்குழந்தையாக ஜெயிலுக்குப் போனது இன்று பிள்ளை குட்டி பெற்றிருக்கும்.

கைக்கு விலங்கு, தலைக்கு மாலையா?

தோழர்களே, இப்போது கவனியுங்கள். 269 பேர் லாரி லாரியாக ஒரு ஊருக்குப் போனார்கள். மூன்று நாள் அட்டகாசம் நடந்தது. கலெக்டருக்குத் தெரியாதா? எஸ்.பி.க்குத் தெரியாதா? மாவட்ட வன அலுவலருக்குத் தெரியாதா? தெரியவில்லை என்றால் அந்த நாற்காலிக்கு லாயக்கில்லை. தெரிந்திருந்தால் உடந்தை. மூன்றாவது பதில் கிடையாது.

இதை நாங்கள் மட்டும் சொல்லவில்லை. 2023 தீர்ப்பே சொல்கிறது. உண்மையான சந்தனக் கடத்தல்காரர்களையும் பெரிய புள்ளிகளையும் காப்பாற்றுவதற்காக, அரசின் துணையோடு அதிகாரிகள் நடத்திய பெரிய நாடகம் இது என்ற அர்த்தத்தில் நீதிபதி எழுதினார். அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மூவர் மீதும் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அரசுக்கு உத்தரவிட்டார். 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய், அதில் 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும் என்றார். குடும்பத்துக்கு வேலையோ தொழிலோ தர வேண்டும் என்றார்.

1992க்கும் 2023க்கும் நடுவே கோட்டையில் எத்தனை தடவை ஆட்சி மாறியது? அ.தி.மு.க. இருந்தது, தி.மு.க. இருந்தது, மறுபடி அது, மறுபடி இது. கொடி மாறியது, பேனர் மாறியது. ஆனால் எந்த ஆட்சியாவது தானாக முன்வந்து, அன்றைக்கு மேலே உட்கார்ந்திருந்தவர்களைக் கூண்டில் ஏற்றியதா? நீதிமன்றம் 31 வருஷம் கழித்துச் சொல்ல வேண்டியிருந்ததே, ஏன்? ஆட்சி வரும் போகும். அதிகாரி அப்படியே இருப்பார். இன்றைக்கு அவரை நான் காப்பாற்றினால் நாளைக்கு அவர் என்னைக் காப்பாற்றுவார். இதுதான் அந்தக் கணக்கு. கூட்டுக் களவாணிக் கணக்கு.

கார்டும் வாட்சரும் கான்ஸ்டபிளும் ஜெயிலுக்குப் போக வேண்டியவர்கள்தான். சந்தேகமே இல்லை. ஆனால் கைக்கு விலங்கும் தலைக்கு மாலையும் போட்டால் அது நியாயம் ஆகாது.

பொறுப்பு என்றால் என்ன? இதே மண்ணில் நடந்ததைப் பாருங்கள்

அதிகாரி செய்த தப்புக்கு அமைச்சர் எப்படிப் பொறுப்பாவார் என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பவர்கள் பழைய கதை தெரியாதவர்கள்.

1956 நவம்பர் மாதம் நம் தமிழ்நாட்டு அரியலூரில் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ரயிலை லால்பகதூர் சாஸ்திரியா ஓட்டினார்? பாலத்தை அவரா கட்டினார்? இல்லை. ஆனாலும் ரயில்வே அமைச்சர் என்ற முறையில் ராஜினாமா செய்தார். பின்னால் அவர்தான் நாட்டின் பிரதமர் ஆனார். பதவியை விட்டதால் அவர் பெயர் கெட்டுவிடவில்லை.

இன்னொன்று. எல்.ஐ.சி. பணத்தை முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிகளில் போட்ட விவகாரம். நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரிதான் அப்போது நிதியமைச்சர். நீதிபதி சாக்ளா ஒருநபர் ஆணையமாக உட்கார்ந்தார். ஜனங்கள் பார்க்க, திறந்த மன்றத்தில் விசாரித்தார். 24 நாளில் வேலையை முடித்தார். செயலாளர் செய்த காரியத்துக்கு அமைச்சர் பொறுப்பை ஏற்றே ஆக வேண்டும், எனக்குத் தெரியாது என்று கையைக் கழுவ முடியாது என்பது அவர் முடிவு. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். பிரதமர் நேருவுக்கு வேண்டிய அமைச்சர், அப்படியிருந்தும்!

24 நாள் எங்கே, 31 வருஷம் எங்கே? மனசு இருந்தால் முடியும் என்பதற்கு 24 நாள் சாட்சி. மனசு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வாச்சாத்தி சாட்சி.

இப்போதைய லட்சணம்

அதெல்லாம் பழசு, இப்போது எல்லாம் மாறிவிட்டது என்று யாராவது சொன்னால் இதைக் கேளுங்கள்.

2018 மே 22ல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை எதிர்த்துப் போன ஜனங்கள்மீது துப்பாக்கிச் சூடு. 13 பேர் செத்தார்கள். டி.வி.யைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று அன்றைய முதல்வர், நம் சேலம் மாவட்டத்துக்காரர் எடப்பாடி பழனிசாமி சொன்னார். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 4 வருஷம் விசாரித்தது. தலைமைச் செயலாளரும் போலீஸ் தலைமையும் அவ்வப்போது அவருக்குத் தகவல் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், டி.வி. கதை சரியல்ல என்று எழுதியது. போலீசார் 17 பேர் மீதும் அன்றைய கலெக்டர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அறிக்கை 2022 மே மாதம் கொடுக்கப்பட்டு, அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. வைத்தது தி.மு.க. ஆட்சி. சரி, வைத்தார்கள். வைத்த பிறகு மேல்மட்டத்து அதிகாரி எத்தனை பேர் கொலை வழக்கில் கூண்டில் ஏறினார்கள்? அறிக்கையை மேஜையில் வைப்பதோடு கடமை முடிந்துவிட்டதா?

வீரப்பன் வேட்டை என்ற பெயரில் மேட்டூர், கொளத்தூர் பக்கத்து மலை ஜனங்கள் அதிரடிப்படையிடம் பட்ட பாட்டை நம் சேலத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. 2007ல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. யார் பணம் அது? உங்கள் பணம், எங்கள் பணம். அடித்தவன் சம்பளத்திலிருந்து அல்ல.

நம் விவசாயத்துக்கே வருவோம். 2020ல் பி.எம். கிசான் திட்டத்தில் தமிழ்நாட்டில் தகுதியில்லாத 5.5 லட்சம் பேர் விவசாயி என்று சேர்க்கப்பட்டார்கள். 110 கோடி ரூபாய் போனது என்று வேளாண்துறைச் செயலாளரே சொன்னார். அதிகாரிகளின் பாஸ்வேர்டைக் கொண்டு கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். ஒப்பந்த ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதிகாரிகள் சிலரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். ஏழை விவசாயியின் பேங்கு கணக்கை முடக்கிப் பணத்தைத் திரும்பப் பிடித்தார்கள். அரசியல் மட்டத்தில்? இது எங்கள் துறையில் நடந்தது, நாங்கள் பொறுப்பு என்று ஒரு வார்த்தை வந்ததா?

அவர்கள் சொல்லும் சாக்கும் நம் பதிலும்

"சஸ்பென்ட் பண்ணிட்டோமே, டிரான்ஸ்பர் பண்ணிட்டோமே!" டிரான்ஸ்பர் தண்டனையா? இங்கே திருடியவனை அங்கே போய்த் திருடு என்று அனுப்புவதா? சஸ்பென்ட் ஆனவருக்குப் பிழைப்பூதியம் உண்டு. 17பி சார்ஜ் மெமோ கொடுப்பார்கள். அவர் பதில் எழுத அவகாசம் கேட்பார். விசாரணை அலுவலர் மாறுவார். கோப்பு காணாமல் போகும். பிறகு ஒரு நாள் சத்தமில்லாமல் மாலையோடு வேலைக்குத் திரும்புவார். நம் ஜனம் அதே கவுண்டரில் அவர் முன்னாலேயே கைகட்டி நிற்கணும்.

"அதிகாரிகளின் மனஉறுதி குலைந்துவிடும்!" யோக்கியமான அதிகாரிக்கு எதற்குக் குலையணும்? பக்கத்து நாற்காலிக்காரன் லஞ்சம் வாங்கி வீடு கட்டி, பதவி உயர்வும் வாங்கிப் போகிறபோதுதான் யோக்கியனுடைய மனசு குலைகிறது. நாங்கள் அதிகாரிகளுக்கு விரோதி அல்ல. மழையில் நனைந்துகொண்டு மலை ஏறி வந்து காப்பிச் செடியைப் பார்த்து மருந்து சொல்லும் அதிகாரியும் இருக்கிறார். பாமதி அம்மையாரும் அதிகாரிதான். அவர்கள் பெயரைக் காப்பாற்றத்தான் சொல்கிறோம்: களையைப் பிடுங்குங்கள்.

"சட்டம் தன் கடமையைச் செய்யும்!" செய்யவில்லையே. 54 பேர் தண்டனையே பெறாமல் செத்துப்போனார்கள். சட்டத்துக்குக் கால் இல்லை. அரசு தூக்கி நடக்க வைத்தால்தான் நடக்கும்.

"உங்க சங்கம் எதிர்க்கட்சிக்காக அரசியல் பண்ணுது!" மேலே எழுதியதைத் திரும்பப் படியுங்கள். எந்தக் கழகத்தை விட்டோம்? அரசியல்வாதியிடம் பதில் கேட்பதற்குப் பெயர் அரசியல் என்றால், ஆமாம், அரசியல்தான். ஏற்காடு பழங்குடிகளுக்கான தனித்தொகுதி. ஓட்டு கேட்க மட்டும் நம் ஊர்ப் பாதை தெரிகிறது, பதில் சொல்லத் தெரியாதா?

சட்டத்தில் ஓட்டை எங்கே?

வன உரிமைச் சட்டம் 2006ல் வந்தது. தமிழ்நாட்டில் 2008 முதல் நீதிமன்றத் தடையால் பட்டா கொடுப்பது முடங்கி, 2016ல்தான் தடை விலகியது. அந்தச் சட்டத்தை ஓர் அதிகாரி மீறினால் தண்டனை எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 1000 ரூபாய் அபராதம்! அதுவும் கிராமசபை மாநிலக் கண்காணிப்புக் குழுவுக்கு 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, அந்தக் குழு ஒன்றும் செய்யாவிட்டால்தான் கோர்ட்டுக்குப் போகலாம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4வது பிரிவு, கடமை தவறிய அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் 1 வருஷம் வரை சிறை என்கிறது. நல்லது. ஆனால் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் ஒரு வாலைச் சேர்த்தார்கள்: நிர்வாக விசாரணை பரிந்துரைத்தால்தான் வழக்கு. நிர்வாக விசாரணையை யார் நடத்துவார்? அதே நிர்வாகம். சுற்றிச் சுற்றிச் செக்குமாடு அங்கேயே வந்து நிற்கிறது.

கடமையின்போது செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு அரசு ஊழியர் மேல் வழக்கு நடத்த அரசின் அனுமதி வேணும் என்பது பழைய விதி. 2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சட்டத்தில், 120 நாளுக்குள் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே அர்த்தம். இது நம் கையில் இருக்கும் ஆயுதம். தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1952ம் வருஷத்து விசாரணை ஆணையச் சட்டப்படி, ஆணையத்தின் அறிக்கையை 6 மாதத்துக்குள், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்ற குறிப்போடு, பேரவையில் வைக்கணும். ஆனால் துறைக்குள் நடக்கும் விசாரணைக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அதனால்தான் எதற்கெடுத்தாலும் "துறைரீதியான விசாரணை" என்கிறார்கள். அறிக்கை பீரோவுக்குள் போனால் கரையானுக்குத்தான் தெரியும்.

நம் கோரிக்கைகள்

1. அரசு ஊழியர் மீது லஞ்சம், வன்முறை, நில மோசடிப் புகார் வந்தால் அதே துறையோ அவருடைய மேலதிகாரியோ விசாரிக்கக் கூடாது. வெளித்துறை அதிகாரி, ஓய்வு பெற்ற நீதிபதி, பாதிக்கப்பட்ட மக்களின் பிரதிநிதி கொண்ட குழு விசாரிக்க வேண்டும்.

2. புகார் யார் மேலோ அவர் மேஜைக்கு மனுவை அனுப்புவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும்.

3. துறை விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்குத் தமிழில் கொடுக்க வேண்டும்.

4. விசாரணை முடியும்வரை குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பதவி உயர்வு கூடாது. புகார் கொடுத்த ஊரில் அவர் வேலையிலும் இருக்கக் கூடாது.

5. வாச்சாத்தித் தீர்ப்பின் ஒவ்வொரு வரியும் எந்த அளவு நிறைவேறியது, அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீது எடுத்த நடவடிக்கை என்ன என்று அரசு சட்டப்பேரவையில் வெள்ளை அறிக்கை வைக்க வேண்டும்.

6. குற்றம் நிரூபணமானால் இழப்பீட்டைத் தப்பு செய்தவர்களின் சம்பளம், ஓய்வூதியத்திலிருந்து பிடிக்க வேண்டும். மூடி மறைத்த மேலதிகாரியிடமும் பிடிக்க வேண்டும்.

7. துறை ஊழியர் பெரிய குற்றத்தில் தண்டிக்கப்பட்டால், அப்போது அதை மறுத்த அமைச்சர் பேரவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும். பொய் சொன்னது தெரிந்தால் பதவி விலக வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

இனிமேல் வாய்ப்பேச்சாகப் புகார் சொல்ல வேண்டாம். எழுத்தில் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். 30 நாள் கழித்து 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: என் மனுவை யார் விசாரித்தார், அவர் பதவி என்ன, புகார் யார் மேலோ அவருக்கும் இவருக்கும் என்ன உறவு, அறிக்கை எங்கே? எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்க ஆபீசில் எழுதித் தருகிறோம், காசு வேண்டாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராமசபைகளில் மேற்கண்ட 7 கோரிக்கைகளையும் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். மினிட் புத்தகத்தில் எழுதும்வரை எழுந்து வராதீர்கள்.

வாச்சாத்திப் பெண்கள் படிக்காதவர்கள். கட்டிய சேலையோடு ஜெயிலிலிருந்து வந்தவர்கள். கோர்ட்டில் நூற்றுக்கணக்கான பேர் நடுவே, இவன்தான், இவன்தான் என்று கையை நீட்டி அடையாளம் காட்டினார்கள். பணம் காட்டினார்கள், மிரட்டினார்கள், அவர்கள் மாறவில்லை. 31 வருஷம் ஒரே சொல். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? ஒரு மனுவுக்குப் பின்னால் மூன்று தடவை நடந்துவிட்டு "ஒண்ணுமில்லீங்க" என்று உட்காரலாமா?

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா என்றால் சுற்றுப்பட்டு மலைக் கிராமம் முழுக்க மேலே ஏறி வருகிறோம். சாமியிடம் நியாயம் கேட்கிறோம். கேட்கணும். ஆனால் சாமி கோட்டைக்குப் போய்க் கோப்பைத் திறக்காது. அதை நாம்தான் திறக்க வைக்கணும். சாமிக்கு முன்னால் கூடும் அந்தக் கூட்டம் ஒரு நாள் ஏற்காடு ஒண்டிக்கடையில் கூடட்டும். தர்ணாவின் நாளையும் நேரத்தையும் கிளைச் செயலாளர்கள் வீடு வீடாக வந்து சொல்வார்கள். களத்து வேலையை ஒரு நாள் தள்ளி வையுங்கள். ஆணும் பெண்ணுமாக வாருங்கள். கையில் உங்கள் மனுவின் நகலைக் கொண்டு வாருங்கள்.

விவசாயிகளே! மலைவாழ் மக்களே! அணி திரண்டு வாரீர்!

திருடனைத் திருடன் விசாரிக்கும் நாடகத்தை நிறுத்து!

வாச்சாத்தித் தீர்ப்பை முழுசாக நிறைவேற்று!

மேலதிகாரிக்கு ஒரு நீதி, வாட்சருக்கு ஒரு நீதியா?

அமைச்சரே பதில் சொல்! மக்கள் மன்றத்தில் பதில் சொல்!

போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இவண்,
சங்கச் செயலாளர் மற்றும் செயற்குழுவினர்,
சேர்வராயன் மலை, ஏற்காடு.